அளவு எடுத்த அக்கா

நான்கு வருடங்களுக்கு முன்னால், பெங்களூரில் பி.காம். முதல் வருடம் சேர்ந்த புதிதில் நடந்தது இது. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒக்கலிபுரம் இருக்கிறது. அங்கே ஒரு சந்தில், ஒரு கன்னடக் குடும்பத்தின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழ்வீட்டில் என்னை வைத்து ஏதோ செய்வினைக்கு ஏற்பாடு நடக்கிறது என்று பல நாள் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். என் இடத்தில் இருந்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. அப்பா லாரி டிரைவர். பிஸ்கட்டில் மயக்க மருந்து கலந்து கொடுத்தவன், லிஃப்ட் கேட்டு ஏறிக் கழுத்தில் கத்தி வைத்தவன், கைக்குழந்தையோடு நடுரோட்டில் நின்று வண்டியை மறித்தவள் என்று அவரிடம் ஏகப்பட்ட கதைகள் உண்டு. சின்ன வயதில் அவற்றைக் கேட்டுக்கொண்டேதான் சோறு தின்றோம். அம்மா அப்பாவுக்கு ஒரு படி மேல். பல வருடமாக ஊற்றுகிற பால்காரரின் பாலையே தினமும் மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவார்.

போளூர்ப் பக்கம் இருக்கிற இப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து நான் பெங்களூருக்குப் படிக்க வந்ததே பெரிய கதை. அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன். அவரும் ஒரு நிபந்தனையோடுதான் விட்டார்.

"ஒரு சின்ன விஷயம் சரியில்லன்னு என் காதுல விழுந்தாலும் போதும். லோடு இருக்குதோ இல்லியோ, வண்டிய வாசல்லயே கொண்டாந்து நிறுத்தி உன்ன ஏத்திக்கினு போயிடுவேன்" என்றார்.

சொன்னால் செய்கிற ஆள். ஏற்றிக்கொண்டு போனால் அதோடு படிப்பு முடிந்தது. அத்தை வீட்டில் எனக்காக ஒரு ஜாதகம் தயாராக இருந்தது. ஆகவே இங்கே என்ன நடந்தாலும் வீட்டுக்குச் சொல்ல முடியாது. சந்தேகப்படுவதற்கு மட்டும் வளர்க்கப்பட்ட ஒரு பெண், அந்தச் சந்தேகத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் தனியாக ஓர் ஊரில் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் முதல் வருடம் அப்படித்தான் ஆரம்பித்தது.

அப்பாவோடு அறை பார்க்கப் போன அன்றே எனக்குப் பொறி தட்டியது. வீட்டுக்கார அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முன்பு ஏதோ ஃபேக்டரியில் வேலை பார்த்தவராம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு மகன்கள், இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, வேலைக்குப் போகிறார்கள். அந்தச் சந்து முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள் என்பதால் அக்காவுக்கு நன்றாகத் தமிழ் வரும், நடுநடுவே கன்னடம் கலந்து. அவர் கேட்ட முதல் கேள்வி, "ஃபர்ஸ்ட் இயர்தானே?" என்பது. அப்பா ஆமாம் என்றதும் அக்காவின் முகம் மலர்ந்தது. பேர் என்ன, ஊர் எது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"ஒரு வருஷம் மட்டுந்தாம்மா இங்க. செகண்ட் இயர் போறப்ப நானே வேற நல்ல ரூம் பார்த்துக் குடுப்பேன். ஒப்புக்கிறியா?" என்றார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பெண் அறை கேட்டு வந்தாள். இரண்டாம் வருடம் படிப்பவள். கையில் சாவியை வைத்துக்கொண்டே அக்கா அவளிடம் காலி இல்லை என்று சொல்லி அனுப்பினார். வாடகையோ அக்கம்பக்கத்தைவிட எவ்வளவோ குறைவு. அப்பா வாசல் கிரில்லையும் மாடிக் கதவின் தாழ்ப்பாளையும் ஆட்டி ஆட்டிப் பார்த்துத் திருப்தியாகிவிட்டார். நான் மட்டும், முதல் வருடப் பெண்தான் வேண்டும் என்றால் எதற்கு என்று யோசித்துக்கொண்டே சூட்கேஸை மாடிக்கு ஏற்றினேன்.

ஊரும் என் சந்தேகத்துக்குத் தீனி போட்டது. ஓட்டலில் சாம்பார் தித்தித்தது. எதை மறைக்க இவ்வளவு வெல்லம் போடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. கல்லூரி வாட்ச்மேன், ஜெராக்ஸ் கடைக்காரர், எதிர்வீட்டு அம்மா என்று பார்க்கிறவர்கள் எல்லாம் "ஊட்டா ஆயிதா?" என்று கேட்டார்கள். நான் சாப்பிட்டால் என்ன, சாப்பிடாவிட்டால் என்ன, இவர்களுக்கு எதற்கு அந்தக் கணக்கு? வகுப்பில் என் பெஞ்சில் ஒரு மலையாளப் பெண், ஒரு ராஜஸ்தான் பெண், ஒரு ஹுப்ளிப் பெண். மூன்று பேரும் ஏதாவது சொல்லிச் சிரித்தால் என்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு தெரிந்தது, அவர்களுக்குள்ளும் ஒருவர் சொல்வது ஒருவருக்குப் பாதி புரியாமல், அதற்காகத்தான் அந்தச் சிரிப்பு.

அக்கா அடிக்கடி ஏதாவது சமைத்து மாடிக்குக் கொடுத்தனுப்புவார். பிஸிபேளேபாத், அக்கி ரொட்டி, அவரைக்கொட்டை போட்ட உப்புமா. வாங்கிக்கொள்வேன். முதலில் ஒரு கை எடுத்து மொட்டை மாடிச் சுவரில் வைப்பேன். காக்கா வந்து தின்னும். அது நல்லபடியாகப் பறந்து போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் சாப்பிடுவேன். அந்தக் காக்கா என் புண்ணியத்தில் நன்றாகக் கொழுத்தது.

ஒரு நாள் கேன்டீனில் சீனியர் ஒருத்தியைப் பார்த்தேன். ஓசூர்க்காரி, மூன்றாம் வருடம். தமிழ் கேட்ட சந்தோஷத்தில் பேச்சு வளர்ந்து, எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன். அவள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"நானும் ஃபர்ஸ்ட் இயர்ல அங்கதான் இருந்தேன். அக்கா உன்னையும் அளவு எடுத்தாச்சா?"

"என்ன அளவு?" என்றேன்.

"இன்னும் எடுக்கலியா? சரி விடு, அமாவாசை வர்றதுக்கு நாள் இருக்கு இல்ல. நீயே தெரிஞ்சுக்குவே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அளவு, அமாவாசை. இந்த இரண்டு வார்த்தைகளையும் ஒரே மூச்சில் கேட்ட எங்கள் ஊர்ப் பெண் எவளுக்கும் அன்று தூக்கம் வந்திருக்காது. எனக்கும் வரவில்லை. பிறகு அவளைத் தேடித் தேடிக் கேட்டேன். சிரித்தாளே ஒழிய வாய் திறக்கவில்லை. அந்தச் சிரிப்பில் விஷமம் எதுவும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

அதன்பிறகு அக்கா செய்வது ஒவ்வொன்றும் என் கண்ணில் பட ஆரம்பித்தது. நான் படியேறும்போது அவர் கீழே நின்று என் முதுகையே பார்ப்பார். திரும்பினால், துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பாவனை. ஒரு நாள் சம்பந்தமே இல்லாமல், "உனக்குப் பதினெட்டு முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். "சரியா இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போனார். எதற்குச் சரியாக இருக்கிறது?

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டேன். மாலை எடுக்கப் போனால் மஞ்சள் டாப்பைக் காணோம். மற்றதெல்லாம் இருக்கிறது, நான் அடிக்கடி போடுகிற அது மட்டும் இல்லை. மறுநாள் கல்லூரி விட்டு வந்தால், அதே கொடியில் அதே இடத்தில் தொங்குகிறது, உள்பக்கம் வெளியே தெரிய. எடுத்துப் பார்த்தேன். தோளிலும் இடுப்பிலும் வெள்ளையாக ஏதோ தடவியிருந்தது. விபூதியா, சுண்ணாம்பா என்று தெரியவில்லை. ஒரு கையின் தையல் பிரிந்து, புதிய நூலில் திரும்பத் தைக்கப்பட்டிருந்தது. செய்வினை வைப்பவர்கள் ஆள் உடுத்திய துணியில் ஒரு துண்டு கேட்பார்கள் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த டாப்பைத் தொடக்கூடப் பிடிக்காமல் ஒரு கவரில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

மகாளய அமாவாசை வந்தது. கல்லூரிக்கு அன்று விடுமுறை. அமாவாசைக்கு லீவு விடுகிற ஊரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அமாவாசை என்றால் அம்மா தலைக்குக் குளித்து, வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைத்து, காக்காவுக்கு வைத்த பிறகுதான் எங்களுக்கு இலை போடுவார். கறி மீன் என்ற பேச்சே அன்று வீட்டில் வரக்கூடாது. மகாளய அமாவாசைக்கு இன்னும் கறார். அப்படி வளர்ந்த என் மூக்கில், காலை விடிந்ததும் ஏறியது ஆட்டுக்கறி மசாலா வாசனை.

முதலில் வேறு வீடு என்று நினைத்தேன். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால், கீழ்வீட்டுப் பின்கட்டில் பெரிய அடுப்பு, பெரிய அண்டா, அக்கா நின்று கிளறிக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அவர் கணவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கறுப்பு கவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திண்டின்மேல் வைத்தார். ஒரு பிராந்தி பாட்டில், ஒரு கட்டு பீடி, எலுமிச்சம்பழம், வாழை இலை. அந்த மனிதர் குடித்தோ பீடி பிடித்தோ நான் பார்த்ததே இல்லை.

அமாவாசையில் கறி சமைப்பவர்கள் யார்? எங்கள் ஊர்க் கணக்கில் அதற்கு ஒரே பதில்தான். கறி, சாராயம், எலுமிச்சம்பழம், ஆள் உடுத்திய துணி, பதினெட்டு முடிந்த பெண். எல்லாம் தயார்.

மதியத்துக்கு மேல் அக்கா மாடிக்கு வந்தார். குளித்து, புதுப்புடவை கட்டி, நெற்றியில் பெரிய குங்குமம்.

"இன்னைக்கு எங்கயும் போவாதம்மா. கொஞ்ச நேரத்துல கூப்பிடறேன், கீழ வா. உன்கிட்ட ஒரு கெல்ச இருக்கு" என்றார்.

கெல்ச என்றால் வேலை. அவ்வளவு கன்னடம் எனக்கு வந்திருந்தது. சரி என்று தலையாட்டினேன். அவர் இறங்கியதும் கதவைத் தாழிட்டுவிட்டு சீனியருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தேன். எடுக்கவே இல்லை.

அப்பாவுக்குச் செய்யலாம். பட்டனைத் தட்டினால் போதும், எந்த ஊரில் எந்த லோடு இருந்தாலும் கிளம்பி வந்துவிடுவார். அந்தப் பேரை ஸ்கிரீனில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழைத்தால் உயிர் பிழைக்கும், படிப்பு போய்விடும். அழைக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. அழுகை வந்தது. இந்தக் கல்லூரிக்காக எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பேன்? கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன். சத்தமில்லாமல் கிளம்பி மெஜஸ்டிக் போய் பஸ் ஏறி, இரண்டு நாள் லீவு என்று வீட்டில் சொல்லிவிடுவது. திரும்பி வந்து வேறு அறை தேடிக்கொள்வது. காலேஜ் பையில் சர்டிஃபிகேட்டுகளையும் ஒரு செட் துணியையும் திணித்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி படியிறங்கினேன்.

கீழே வந்து பார்த்தால், மொத்தக் குடும்பமும் வாசலில் நிற்கிறது. வீட்டுக்கு வெளியே. அக்கா, அவர் கணவர், இரண்டு மகன்கள். எல்லாரும் குளித்துப் புதுத்துணி போட்டிருக்கிறார்கள். வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. கதவிடுக்கில் சாம்பிராணிப் புகை வருகிறது. பெரிய மகன் வாசல் கேட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான். போகிற வழியையும் அடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

என் கையில் இருந்த செருப்பை அக்கா பார்த்தார். தோளில் இருந்த பையைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்து, "சும்னிரு" என்றார். பேசாமல் இரு என்று அர்த்தம்.

"உள்ள சாப்பிட்டுட்டு இருக்காங்க" என்று கிசுகிசுத்தார்.

நான் அங்கே நின்றவர்களை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். வீட்டில் இருக்கிற எல்லாரும் வெளியேதான் இருக்கிறார்கள்.

"யாரு, அக்கா?" என்றேன்.

"எங்க மாவா, எங்க அத்தெ. அப்புறம் என் தங்கச்சி" என்றார், விருந்தாளிகளைச் சொல்வதுபோல் சாதாரணமாக.

மாமனார், மாமியார், தங்கை. அப்படி மூன்று பேரை அந்த வீட்டில் நான் பார்த்ததே இல்லை. கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தன் வீட்டுக் கதவைத் தானே மெதுவாகத் தட்டினார். உள்ளே இருப்பவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்பதுபோல் சற்று நேரம் விட்டு, பிறகு திறந்தார். அக்கா என் கையைப் பிடித்து எழுப்பினார். அந்தப் பிடியில் முரட்டுத்தனம் இல்லை. கையை உதற எனக்கும் தோன்றவில்லை.

கூடத்துச் சுவரோரமாக மூன்று படங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இலை போட்டுச் சோறும் கறியும் பாயசமும் பரிமாறியிருந்தது. தலைப்பாகை கட்டிய பெரியவரின் இலைக்குப் பக்கத்தில் ஒரு புதுவேட்டி, கிளாஸில் பிராந்தி, கட்டுப் பிரித்த பீடி. வயதான அம்மாவின் இலைக்குப் பக்கத்தில் ஒரு புடவை, வெற்றிலை. மூன்றாவது படம் ரொம்பச் சின்னது. ஏதோ குரூப் போட்டோவிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியதால் முகம் கலங்கியிருந்தது. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். என் வயது இருக்கும். அவள் இலையில் கறிச்சோற்றோடு, தெருவில் விற்கிற மசாலா பூரி ஒரு தட்டு. பக்கத்தில் மடித்து வைத்த ஒரு பிஸ்தா பச்சைச் சுடிதார். அதன் அளவைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, மஞ்சள் டாப் எங்கே போய் வந்தது என்று.

"இது பெரியவங்க ஹப்பம்மா, பண்டிகை. செத்துப்போனவங்க இன்னைக்கு வீட்டுக்கு வருவாங்க. அவங்களுக்கு என்ன புடிக்குமோ அத்த செஞ்சு எடெ போடணும், படையல், புதுத்துணி வைக்கணும். கதவ சாத்திட்டு நாம வெளிய நிக்கணும், அவங்க நிம்மதியா சாப்பிடணும் இல்ல? அப்புறமா அந்தத் துணிய வீட்ல இருக்கறவங்க போட்டுக்கலாம்" என்றார் அக்கா.

எங்கள் வீட்டில் செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும்தான். உயிரோடு இருந்தபோது அவர்களுக்குப் பிடித்த கறியை அமாவாசை அன்று நாமும் தொட மாட்டோம், அவர்களுக்கும் தர மாட்டோம். இவர்கள் பீடிகூட மறக்காமல் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

அக்கா தங்கையின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தச் சுடிதாரின் மடிப்பைக் கையால் நீவிவிட்டுக்கொண்டே சொன்னார். அவர்களுக்கு அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். அக்கா கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் தைத்துத்தான் தங்கையைப் படிக்க வைத்தார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள். பி.காம். முதல் வருடம். இரண்டு பேருக்கும் சேர்த்து வெளியே போட்டுப்போக ஒரே ஒரு நல்ல சுடிதார் இருந்தது. அக்கா அதைப் போட்டுப்போகிற நாளில், தங்கை முழங்கையில் ஒட்டுப்போட்ட பழையதைப் போட்டுக்கொண்டு போவாள்.

"வெளிநாட்டுக்குப் போற சட்டைக்கெல்லாம் நாள் பூரா நான் காலர் வச்சுக் குடுத்தேன். யார் யாரோ போட்டுக்கினாங்க. அவ, எனக்கும் காலேஜுக்குப் போட்டுட்டுப் போக ஒண்ணு தைச்சுக் குடுக்கான்னு கேட்டா. தசராவுக்கு போனஸ் வரும், துணி வாங்கித் தைக்கறேன்னு சொன்னேன்."

தசரா வருவதற்குள் தங்கைக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. முற்றிய பிறகுதான் தெரிந்ததாம். போனஸ் வந்தபோது அவள் இல்லை.

மகன்கள் இரண்டு பேரும் இதைப் பலமுறை கேட்டவர்கள். ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

"கையில கொஞ்சம் காசு வந்ததுலேர்ந்து வருஷா வருஷம் ஒண்ணு தைக்கறேன், இப்ப எது ஃபேஷனோ அது. வீட்ல போட்டுக்கப் பொண்ணு இல்ல. கோயில்ல குடுத்தேன், தெரிஞ்சவங்களுக்குக் குடுத்தேன். மனசு ஆறல. அது காலேஜுக்குப் போகணும்மா. ஃபர்ஸ்ட் இயர் கிளாஸ்ல போய் உக்காரணும். அவ்ளோதான். அதுக்குத்தான் மாடிய கட்டுனோம்" என்றார்.

நான் அப்போதும் முழுதாக இளகிவிடவில்லை. செத்தவளுக்குப் படைத்த துணியை நான் உடம்பில் போடுவதா? எங்கள் வீட்டில் தெரிந்தால் தலையில் தண்ணீர் ஊற்றி வாசலில் நிறுத்துவார்கள். வந்த அன்றே இதை ஏன் சொல்லவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"சொன்னேம்மா, ஒரு வருஷம். அந்தப் பொண்ணு பயந்து மறுநாளே காலி பண்ணிட்டா. அப்புறம் ஹப்ப அன்னைக்கு நேராவே காட்டிடறதுன்னு வச்சுக்கிட்டேன். டாப்புல சாக்பீஸ் கோடு போட்டு அளவ கேக்காம எடுத்தது தப்புதான். கை தையல் லூசா இருந்தது, அதையும் அப்பவே புடிச்சுக் குடுத்தேன்." என் தோளில் இருந்த பையை மறுபடி பார்த்தார். "புடிக்கலன்னா பேடம்மா. போட்டுத்தான் ஆவணும்னு இல்ல. ரூம் உன்துதான். பயப்படாம இரு."

பேட என்றால் வேண்டாம். அதை அவர் சொன்ன விதத்தில் வருத்தம் இருந்ததே தவிர, கட்டாயம் கொஞ்சமும் இல்லை. சாப்பிட உட்கார வைத்தார். அமாவாசையில் நான் கறி சாப்பிட மாட்டேன் என்றதும் சோறும் பாயசமும் ஒப்பட்டு என்கிற போளியும் தனியாக வைத்தார். காக்காவின் ஞாபகமே வராமல் சாப்பிட்டேன்.

மாலை அப்பா போன் செய்தார். வழக்கமான கேள்விதான்.

"அங்க எல்லாம் சரியா இருக்குதா? ஏதாச்சும் தப்பாத் தோணுதா? மறைக்காம சொல்லு."

சுடிதார் என் கட்டில்மேல் இருந்தது. அக்கா கொடுக்கவில்லை, நானே கேட்டு வாங்கி வந்திருந்தேன். ஆனால் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யவில்லை. அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் அந்த முடிவை அவர் எடுத்துவிடுவார். பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்பதை அவர்தான் சொல்லிவந்திருக்கிறார். போனைக் காதில் வைத்தபடி அந்தப் பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் சரியா இருக்குதுப்பா" என்றேன்.

சீனியர் மறுநாள் திரும்பக் கூப்பிட்டாள். ஊருக்குப் போனவள் போனை சார்ஜில் போட்டு மறந்துவிட்டாளாம். நன்றாகத் திட்டினேன். "முன்னாடியே சொல்லியிருந்தா நீ அந்த வீட்டுல இருந்திருப்பியா?" என்றாள். இருந்திருக்க மாட்டேன். அது எனக்கே தெரியும்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று அந்தச் சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். கடையில் வாங்கிய எதுவும் எனக்கு அப்படிப் பொருந்தியதில்லை. ஒரு பக்கம் பாக்கெட்கூட வைத்திருந்தார். படியிறங்கி வந்தபோது அக்கா வாசலில் நின்றிருந்தார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. தோளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பின்னால் வந்து நின்று முதுகைப் பார்த்தார். கீழ் மடிப்பில் தொங்கிய ஒரு நூலைக் குனிந்து பல்லால் கடித்து எடுத்தார். "ஹோகிபா" என்றார். போய்வா என்று. சந்து முனையில் திரும்பும்போது பார்த்தேன், அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

வகுப்பில் என் பெஞ்சுக்காரிகள் மூன்று பேரும் அந்தத் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். யார் தைத்தது, எந்தக் கடை என்று கேட்டார்கள். வீட்டு அக்கா என்று மட்டும் சொன்னேன். மற்ற நாட்களில் முதல் பீரியடே எனக்குக் கண் சொருகிவிடும். அன்று ஏனோ தூங்க மனம் வரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கரும்பலகையில் எழுதியதை எல்லாம் எழுதிக்கொண்டேன்.

மாலை திரும்பியபோது அக்கா படியில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார். துணி எப்படி இருந்தது, எல்லாரும் என்ன சொன்னார்கள் என்று கேட்பார் என நினைத்தேன். அதையெல்லாம் அவர் கேட்கவில்லை.

"இன்னைக்கு கிளாஸ்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்றார்.

பையை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பீரியடிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். டெபிட் என்றால் என்ன, கிரெடிட் என்றால் என்ன, எது எந்தப் பக்கம் வரும் என்று. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் ஒரு வார்த்தையையும் விடவில்லை. நடுவில் நான் வேகமாகப் போனால், "மெல்ல சொல்லும்மா" என்று நிறுத்தினார். சொல்லி முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்ளோ நடத்துனாங்களா ஒரே நாள்ல" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடம் முடிந்ததும் சொன்னபடியே எனக்கு வேறு அறை பார்த்துக் கொடுத்தார். மாடிக்கு இன்னொரு முதல் வருடப் பெண் வந்தாள். படிப்பு முடிந்து இப்போது அதே ஊரில்தான் வேலை பார்க்கிறேன். குணம் மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். காரணம் தெரியாமல் யாராவது என்னிடம் பிரியமாக நடந்துகொண்டால், இவர்களுக்கு என்னிடமிருந்து என்ன வேண்டும் என்றுதான் இன்றும் முதலில் தோன்றுகிறது. ஆனால் உடனே, அந்தப் பிரியம் எனக்கானதாகவே இல்லாமல் இருக்கலாம், போய்ச் சேர வழியில்லாத ஒருத்திக்கு உரியதாக இருக்கலாம், கொஞ்ச தூரம் நான் அதைச் சுமந்துகொண்டு போனால் மட்டும் போதும் என்றும் தோன்றுகிறது.